பச்சை வட்டத்தின் மகிமை

இல்லாத இடத்தை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, கொடுத்த பிறகும் ஏராளமாக மிச்சம் இருப்பதாகக் காட்டிய முதல் மருத்துவமனை எங்களுடையதுதான் என்பதை மனித குலத்தின் சார்பில் பெருமையுடன் பதிவு செய்கிறேன். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் அடுத்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் எங்கள் இயக்குநர். முதல் இருவரும் ஒரு கூட்டம்கூடப் போடாமல் வேலையை முடித்துவிட்டவர்கள் என்பதால், நியாயமாகப் பார்த்தால் முதல் நாற்காலியே இவருக்குத்தான்.

நான் இந்த மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அலுவலர். கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பதும், நடந்ததைச் சபைக்கு ஏற்றபடி எழுதுவதும் என் பணி. இந்த ஆண்டறிக்கைக்கு 'தரவுச் சேமிப்பில் நாம் படைத்த சாதனை' என்று ஒரு சிறப்புக் கட்டுரை வேண்டும் என்று இயக்குநர் பணித்திருக்கிறார். "உணர்ச்சியோட எழுதுங்க. சொந்த அனுபவம் மாதிரி இருக்கணும்," என்றார். 'மாதிரி' எதற்கு? சொந்த அனுபவமே கைவசம் இருக்கிறது. என் அக்காவின் நெஞ்சு இந்தச் சாதனையில் ஒரு சிறு பங்கு வகித்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வாசகருக்கு விஷயம் விளங்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு தனி சர்வர் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையில் கீழ்த்தளத்தில், குளிரூட்டிய அறையில், இருப்பது ஒரே ஒரு பெரிய பெட்டி. அதற்குள்ளே பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாகக் குடித்தனம் நடத்துவதாகப் பாவனை. இவற்றுக்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். வாயில் நுழைய வேண்டுமென்று வி.எம். என்பார்கள். மருந்தகத்துக்கு ஒரு வி.எம்., கேன்டீனுக்கு ஒரு வி.எம்., எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய வி.எம்., இயக்குநரின் உரைகளுக்கும் புகைப்படங்களுக்கும் தனியாக ஒரு வி.எம்.

ஒவ்வொன்றுக்கும் "உனக்கு இவ்வளவு இடம்" என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்த வாக்குகளைக் கூட்டினால் பெட்டியில் உள்ள இடத்தைப் போலப் பல மடங்கு வரும். இருபது அறை உள்ள விடுதியில் நூறு பேருக்குச் சாவி கொடுத்துவிட்டு, நூறு பேரும் ஒரே இரவில் படுக்க வரமாட்டார்கள் என்று நம்புகிற வியாபாரம் இது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. உலகமே இப்படித்தான் செய்கிறது. என்ன, விடுதிக்காரன் காலையில் எழுந்ததும் எத்தனை கட்டில் நிறைந்திருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவான். எங்கள் இயக்குநர் அந்த அளவுக்குத் தாழ்ந்து போகவில்லை. அவர் குழு அமைத்தார்.

குழுவின் உயிர்நாடி கொள்ளளவுத் திட்ட அலுவலர். அவருடைய பதவிப் பெயர் கதவுப் பலகையில் இரண்டு வரி வரும். யாரும் அதைப் படித்து முடித்ததில்லை. எல்லோரும் அவரைப் 'பச்சை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று இப்போது தெரிந்துவிடும். படித்தவர், நல்லவர், வாயைத் திறக்குமுன் எதிரில் இருப்பவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்பவர்.

முதல் கூட்டத்தில் பச்சை எழுந்து சொன்னார்: "சார், மூணு நம்பர் வருது. ஒண்ணு, நாம குடுத்ததா சொன்ன இடம். ரெண்டாவது, உள்ளே இருக்கிற வி.எம். தான் எடுத்துக்கிட்டதா சொல்ற இடம். மூணாவது, பெட்டியில நிஜமாவே நிறைஞ்சிருக்கிற இடம். மூணும் வேற வேற."

இயக்குநர் புருவத்தை உயர்த்தினார். "ஒரே பெட்டிக்கு எப்படிங்க மூணு நம்பர்? யாரோ பொய் சொல்றாங்க."

"யாரும் பொய் சொல்லலை சார். ஒவ்வொண்ணும் வேற வேற கேள்விக்குப் பதில்."

"அப்ப கேள்வியைக் குறைங்க."

அன்றே கேள்விகள் குறைக்கப்பட்டன. நிர்வாக வரலாற்றில் இவ்வளவு சிக்கனமான தீர்வை நான் கேள்விப்பட்டதில்லை. மூன்றில் எந்த எண்ணை வைத்துக்கொள்வது என்பதுதான் பாக்கி. மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம் என்று பச்சை மெல்ல ஆரம்பித்தார். பெட்டி நிரம்புவது அதில்தான் தெரியும் என்றார்.

"எது சின்ன நம்பர்?" என்று கேட்டார் இயக்குநர்.

"சின்னதுன்னா ரெண்டாவதுதான் சார். ஆனா அதுல ஸ்னாப்ஷாட் எல்லாம் சேராது."

"சேர வேண்டாம். அதையே வைங்க."

அந்த 'ஸ்னாப்ஷாட்' என்ன என்று வாசகர் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இயக்குநர் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வி.எம். ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதை உறைய வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பக்கத்தில் புதிதாக ஒரு கோப்பில் போய்ச் சேரும். பழைய கோப்பை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் அதன் மேல்தான் புதியது நிற்கும். கீழ் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு மேலே மாடி எழுப்பிக் குடியிருப்பது போல. ஏதாவது பழுதானால் திரும்பிப் போக வழி வேண்டும் என்று ஓரிரு நாளுக்கு இப்படிச் செய்துவிட்டுக் கலைத்துவிட வேண்டும். எங்கள் பட வி.எம்.முக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த ஸ்னாப்ஷாட் கலைக்கப்படவே இல்லை. "போட்டோ எடுத்து வச்சாச்சு இல்ல, அப்புறம் என்ன பயம்? அதுதான் பேக்கப்," என்று இயக்குநர் திருவாய் மலர்ந்தருளியதால், அது அப்படியே நின்றது. மாடி மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

தேர்ந்தெடுத்த சின்ன எண்ணை ஒரு வட்டமாக வரைந்தார்கள். இடம் இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், தீர்ந்தால் சிவப்பு. பெட்டியின் இடத்தைக் கூட்டும் புதிய வட்டுகள் (டிஸ்க்) வாங்குவதற்கு ஒதுக்கியிருந்த தொகையில், அந்த வட்டத்தைக் காட்டுவதற்கு வரவேற்புக் கூடத்தில் சுவர் அளவுக்கு ஒரு திரை வாங்கினோம். திறப்பு விழாவில் இயக்குநர் கண் கலங்கினார். நோயாளிகளும் நின்று பார்த்தார்கள். சிலர் தங்கள் டோக்கன் எண் அதில் வரும் என்று வெகுநேரம் காத்திருந்தார்கள்.

ஆனால் கண் பட்டுவிடும் போலிருந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் 'பேக்கப் வெற்றி விகிதம்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அது மட்டும் சிவப்பு. எல்லா வி.எம்.களையும் தினமும் பக்கத்துக் கட்டடத்துக்கு நகலெடுப்பார்கள். பட வி.எம். ஸ்கேன் படங்களால் ஊதிப்போயிருந்ததால் அதன் நகல் மட்டும் விடிவதற்குள் முடியாமல் பாதியில் நின்றுவிடும். தோல்வி என்று பதிவாகும்.

"எல்லாம் பாஸ் ஆகுது. இந்த ஒண்ணு மட்டும்தான் மானத்தை வாங்குது," என்றார் இயக்குநர்.

"இன்னும் கொஞ்சம் வட்டும் வேகமான லைனும் குடுத்தா முடிஞ்சிடும் சார்," என்றார் பச்சை.

"அதை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டா?"

பச்சை அவர் முகத்தைப் பார்த்தார். "எடுத்துட்டா நூறு பர்சென்ட் வரும் சார்."

"அப்ப ஏங்க இத்தனை நாளா எடுக்கலை?"

மறுநாள் காலை கட்டம் பச்சையாகிவிட்டது. நூறு சதவீத வெற்றி. கேன்டீன் விலைப்பட்டியல் பத்திரம். வாகன நிறுத்துமிட அனுமதிச் சீட்டுகள் பத்திரம். இயக்குநரின் உரைகள் பத்திரத்திலும் பத்திரம். மருத்துவமனையில் நோயாளிகளின் உடம்புக்குள்ளே எடுத்த படங்களைத் தவிர மற்ற எதற்கும் ஆபத்தில்லை என்ற நிலையை எட்டினோம்.

இந்த நிலையில்தான் என் அக்காவுக்கு ஒரு புள்ளி வந்தது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருமல் விடவில்லை என்று வந்தவளை எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். இருமல் சாதாரண இருமல்தான். ஆனால் வலது நுரையீரலில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு புள்ளி. நுரையீரல் டாக்டர் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத அம்மாள். திரையில் அந்தப் புள்ளியைக் காட்டி அக்காவிடம் நேராகவே சொன்னார்.

"இது என்னன்னு இந்த ஒரு படத்தை வச்சுச் சொல்ல முடியாதும்மா. முன்னாடி எப்பவாவது நெஞ்சுல ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி பள்ளிக்கூட மாடிப்படியில விழுந்தேன். விலா எலும்பு உடைஞ்சிருக்கான்னு இங்கதான் எடுத்தாங்க. உடையலைன்னு எழுதிக் குடுத்தாங்க."

"அந்தப் படம் வேணும். எழுதினது போதாது, அவங்க எலும்பைத்தான் பாத்திருப்பாங்க. அந்தப் படத்துலயும் இந்தப் புள்ளி இதே அளவுல இருந்தா, பழைய தழும்பு. பேசாம வீட்டுக்குப் போகலாம். அதுல இல்லேன்னா இது புதுசு. அப்ப நெஞ்சைத் திறந்து அந்தப் பகுதியை எடுத்துப் பாக்கணும்."

"ஊசி போட்டு எடுக்கக்கூடாதா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"ரத்தக்குழாயை ஒட்டி உட்காந்திருக்கு. ஊசி போக வழியில்ல."

அக்கா தன் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும்தான் பேசினாள். "ஒரு கழித்தல் கணக்குடா. புதுசுலேருந்து பழசைக் கழிக்கணும். விடை பூஜ்யம் வந்தா நான் வீட்டுக்குப் போறேன். அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நெஞ்சைத் திறக்கிறதுன்னா பயமா இருக்குடா. எனக்கு ஊசின்னாலே பயம்."

"நீ எதுக்குப் பயப்படறே? உன் படம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு," என்றேன். வரவேற்புக் கூடத்துத் திரையைக் காட்டினேன். வட்டம் பச்சையாக ஜொலித்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் படத்தை ஃபிலிமில் போட்டு நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவோம். வீட்டில் பீரோ மேல் கிடக்கும். 'காகிதமற்ற மருத்துவமனை' ஆன பிறகு அந்தப் பழமைவாதத்தை ஒழித்துவிட்டோம்.

மறுநாள் காலை படத்தைக் கேட்டு நான் கீழ்த்தளத்துக்குப் போனேன். பச்சை வியர்த்திருந்தார், அந்த அறையில் வியர்ப்பது லேசான காரியமில்லை. பெட்டி நிரம்பிவிட்டதாம். நூறு சாவிக்காரர்களில் போதுமான பேர் ஒரே சமயத்தில் படுக்க வந்துவிட்டார்கள். மருந்தக வி.எம். நின்றுவிட்டது, பில் போடுகிற வி.எம். நின்றுவிட்டது, பட வி.எம். அடியோடு படுத்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மேலே கூடத்தில் வட்டம் மட்டும் பச்சையாகவே இருந்தது.

அவசரக் கூட்டம் அந்த அறையிலேயே நடந்தது. நானும் இருந்தேன், குறிப்பெடுக்க வேண்டுமே.

"திரை என்ன சொல்லுது?" என்றார் இயக்குநர்.

"பச்சைதான் சார்."

"அப்ப பெட்டிதான் தப்பு."

"பெட்டி நிஜமாவே நிறைஞ்சு போச்சு சார். மூணு மாசத்துக்கு முன்னாடியே நான் வட்டு கேட்டேன். நீங்க, 'சிவப்பு நம்பரை எடுத்துட்டு என் ரூமுக்கு வராதீங்க'ன்னீங்க. நான் வரலை."

இந்தக் கீழ்ப்படிதலை இயக்குநர் பாராட்டியதாகக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மதியம் சேமிப்பு மேலாண்மைச் சங்கத்திலிருந்து விருதுக்காகப் பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. "பழைய குப்பை எதையாவது எடுங்க. எது ரொம்ப நாளா யாரும் தொடாம கிடக்கு? தேதிவாரியா வைங்க."

பச்சை தேதிவாரியாக வைத்தார். கடைசியில் ஒரு கோப்பு வந்து நின்றது. பெட்டியிலேயே பெரியது அதுதான். இரண்டு வருடமாக அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"பட வி.எம். ஃபோல்டர்லதான் இருக்கு சார். ஆனா ரெண்டு வருஷமா அசையவே இல்லை. அந்த வி.எம். தினமும் எழுதறது வேற ஃபைல்ல. இது என்னன்னு எனக்குச் சரியா பிடிபடலை. சர்வர் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமா?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயந்திரம் ஆயிடும் சார்."

"ரெண்டு வருஷமா அசையாத பொருள், செத்த பொருள். எடுங்க."

நான் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். "எங்க அக்காவோட படம் அதுல இருக்காதே?"

"உங்களுக்கு வேண்டியது ஸ்கேன் படம் சார். இது வெறும் சிஸ்டம் ஃபைல் மாதிரி தெரியுது," என்றார் பச்சை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இயக்குநர் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு விசையை அழுத்தினார்.

உடனே பெட்டிக்கு மூச்சு வந்தது. மருந்தகம் எழுந்தது, பில் எழுந்தது, வரிசைகள் நகர்ந்தன. சங்கத்து ஆட்கள் வந்து திரையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று எண்ணையும் காட்டச் சொன்னார்கள். மூன்றுமே அழகாக இருந்தன. பாதிப் பெட்டி காலி. "இவ்வளவு இடத்தை எப்படி மிச்சம் பிடிச்சீங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். "ஒழுக்கம்," என்றார் இயக்குநர்.

பட வி.எம். மட்டும் எழவில்லை.

நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டியவனைப் பற்றி நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். அவன் கூட்டம் போட்டு, ஒப்புதல் வாங்கி, தேதிவாரியாக வெட்டவில்லை என்பதுதான் அவன் குறை. இரண்டு வருடமாக யாரும் தொடாமல் இருந்தது பூட்டிக் கிடந்த கீழ் வீடு. அதை எடுத்த பிறகு மாடி எங்கே நிற்கும்? ஸ்னாப்ஷாட் எடுத்த நாளுக்கு முன்னால் இந்த மருத்துவமனையில் எடுத்த அத்தனை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அக்காவின் பழைய படம் உட்பட, அந்தச் 'செத்த பொருளில்'தான் உயிரோடு இருந்தன. மாடியில் இருந்தவற்றையும், கீழ் வீடு இல்லாமல் முழுதாகத் திறக்க முடியவில்லை. அக்காவுக்குப் புதிதாக எடுத்த படம் மட்டும் ஸ்கேன் இயந்திரத்திலேயே தங்கியிருந்ததால் தப்பித்தது. அழித்ததை மீட்கலாமா என்றால், இடம் காலியான மறுநொடியே மற்ற வி.எம்.கள் எல்லாம் அங்கங்கே பாயைப் போட்டு மிச்சத்தையும் உருப்படாமல் ஆக்கிவிட்டன.

"பேக்கப்லேருந்து எடுங்க. நூறு பர்சென்ட்ல இருக்கோமே," என்றார் இயக்குநர்.

பட வி.எம்.மை லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டதைப் பச்சை அவருக்கு நினைவூட்டினார். இயக்குநர் உடனே, "சரி, இருக்கிறதை எடுத்துப் பாருங்க. சிஸ்டம் வேலை செய்யுதான்னாவது தெரியட்டும்," என்றார். எடுத்தார்கள். கேன்டீன் விலைப்பட்டியல் ஒரு புள்ளி குறையாமல் திரும்பி வந்தது. சுவர்த்திரைத் திறப்பு விழாவில் இயக்குநர் கண் கலங்கிய புகைப்படம், கண்ணீர்த் துளியோடு திரும்பி வந்தது. 'மீட்புச் சோதனை வெற்றி' என்று குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மாமா எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுற்றி வளைத்து, வி.எம்., ஸ்னாப்ஷாட், வெற்றி விகிதம் எல்லாவற்றையும் விளக்கினேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நகல் எடுக்க முடியலைன்னு லிஸ்ட்லேருந்தே எடுத்துட்டாங்களா?"

"ஆமா."

"எங்க பள்ளிக்கூடத்துலயும் இதே வித்தைதான். தோத்துடுவான்னு தெரிஞ்ச பையனைப் பரீட்சைக்கு முன்னாடியே வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க. நூறு சதவீதம் தேர்ச்சின்னு வாசல்ல போர்டு வைப்பாங்க. அந்தப் பையன் என்ன ஆனான்னு யாரும் கேக்க மாட்டாங்க." பேனாவை மூடினாள். "இப்ப நான்தான் அந்தப் பையன், இல்லையா?"

நான் டீயைக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

"கழித்தல் கணக்குல ஒரு நம்பர்தான் கையில இருந்தா என்னடா பண்ண முடியும்," என்றாள். மாமா தோளைத் தொட்டதும் விடைத்தாள்கள் நனைந்தன.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு மாசம் காத்திருந்து இன்னொரு படம் எடுத்துப் பாக்கலாம். ஆனா அந்தப் புள்ளியோட ஓரம் எனக்குப் பிடிக்கலை. பழைய படம் இருந்திருந்தா, 'தைரியமா போங்க'ன்னு சொல்லியிருப்பேன். இல்லாம உங்க உயிரை வச்சு நான் பந்தயம் கட்ட மாட்டேன்," என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் மருத்துவமனையில் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரைக் குழுவில் சேர்க்கவில்லை.

அறுவைச் சிகிச்சையும் விருது விழாவும் ஒரே நாளில் அமைந்தது எங்கள் நிறுவனத்தின் ஒருங்கிணைப்புத் திறனுக்குச் சான்று. மூன்றாம் மாடியில் அக்காவின் விலா எலும்புகளை விலக்கிக்கொண்டிருந்தபோது, கீழே அரங்கத்தில் 'ஆண்டின் சிறந்த கொள்ளளவு மேலாண்மை' விருதை இயக்குநர் பெற்றுக்கொண்டார். நான் இரண்டு தளங்களுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மாடியில் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கீழே இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தார்.

"இடம் என்பது வட்டில் இல்லை, மனதில் இருக்கிறது," என்று அவர் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த உரை அன்றே முறைப்படி நகலெடுக்கப்பட்டது.

விருது கொடுத்தவர்களைத் தவறு சொல்லவே முடியாது. அவர்கள் பார்த்தது எண்களை, எண்கள் அப்பழுக்கற்றவை. உள்ளதை எல்லாம் தொலைத்துவிட்ட வீட்டைப் போல இட வசதியுள்ள வீடு வேறு எது? அடுத்த பல ஆண்டுகளுக்குப் புதிய வட்டே தேவைப்படாது என்று பச்சை ஒரு வளர்ச்சிக் கணிப்பு வரைந்து கொடுத்திருந்தார். பெட்டி எப்படி வளரும் என்று எங்களிடம் வண்ண வண்ணமாகப் படம் இருந்தது. என் அக்காவின் நெஞ்சில் இருந்த புள்ளி வளர்ந்ததா இல்லையா என்பதற்குத்தான் படம் இல்லை.

சில நாட்களில் சோதனை முடிவு வந்தது. டாக்டர் அம்மாள் கையில் தாளோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பழைய தழும்புதாம்மா. எப்பவோ வந்து தானா ஆறின சளிக்காய்ச்சல் விட்டுட்டுப் போனது. கெடுதல் எதுவும் இல்லை. ரொம்ப வருஷமா அப்படியேதான் இருந்திருக்கும்."

"அப்ப அந்தப் பழைய படத்துல இருந்திருக்கும்," என்றாள் அக்கா.

"இருந்திருக்கும்."

"இதே அளவுல."

டாக்டர் தலையசைத்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளால் அப்போது ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. அது திரும்ப வருமா என்று மாமா கேட்டதற்கு, நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்திருப்பதால் பழையபடி ஆக நாளாகும் என்றார்கள். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை இயக்குநர் வார்டுக்கு வந்தார். பின்னால் புகைப்படக்காரர், அவருக்குப் பின்னால் பூங்கொத்தோடு பச்சை. பச்சை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"வலி எப்படி இருக்கு மேடம்?" என்று இயக்குநர் குனிந்து கேட்டார்.

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லச் சொல்லி..." அக்கா மூச்சு வாங்கினாள். "நர்ஸ் கேக்கறாங்க. ஒன்பதுன்னு சொல்லிட்டிருந்தேன். நீங்க வந்திருக்கீங்க... ரெண்டுன்னு வச்சுக்கங்க. உங்களுக்குச் சின்ன நம்பர்தானே பிடிக்கும்."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "என்ன பாசிட்டிவ் மனசு பாருங்க," என்று என்னிடம் சொன்னார்.

"சார்," என்றாள் அக்கா. "அடுத்த தடவை ஒரு படம் காணாமப் போனா... எந்த நோயாளியைத் திறந்து பாப்பீங்க?"

"அதுக்குத்தான் மேடம் ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்," என்றார் அவர், உண்மையான அக்கறையோடு. புகைப்படக்காரர் படம் எடுத்தார். பச்சை பூங்கொத்தை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் கண் சிவந்திருந்தது. நான் அவரிடம் முதன்முதலாகப் பார்த்த சிவப்பு.

வெளியே வராந்தாவில் இயக்குநர் என் தோளில் கைபோட்டார். "கட்டுரையில உங்க அக்காவைக் கட்டாயம் சேருங்க. நம்ம மருத்துவமனைக் குடும்பத்துல ஒருத்தர், இங்கேயே சிகிச்சை எடுத்து நல்லபடியா குணமானாங்கன்னு."

"என்ன நோய் குணமாச்சுன்னு எழுதறது சார்?"

அவர் யோசித்தார். "நோய் இல்லேன்னு கண்டுபிடிச்சோமே. அது சின்ன விஷயமா?"

சின்ன விஷயமில்லை. எனவே அவர் பணித்தபடி எழுதிவிட்டேன். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளப் பச்சைக்கு போன் செய்தேன். இயக்குநரின் விருது விழா உரை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"மூணு இடத்துல இருக்கு சார்," என்றார் அவர், தணிந்த குரலில். "ஒண்ணு இங்க, ஒண்ணு பக்கத்துக் கட்டடத்துல, ஒண்ணு ஊருக்கு வெளியே."

ஆகவே இந்தச் சிறப்புக் கட்டுரையை, தலைமை தாங்கி வழிநடத்திய உங்களுக்கே காணிக்கையாக்கி முடிக்கிறேன், இயக்குநர் அவர்களே. உங்கள் உரைக்கு மூன்று பிரதிகள் இருக்கின்றன. என் அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு நெஞ்சு. அதில் ஒன்றும் இல்லை என்று பார்ப்பதற்காக அதை நீங்கள் பிளக்க வைத்தீர்கள்.